காவடிக்காரரின் இரண்டு கோப்புகள்

பதிவேட்டுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், சந்தேகம் வந்தால் கடைசி இலக்கத்தில் ஒன்பதைப் போட்டுவிட்டு அடுத்த கோப்பை எடுத்துவிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மறுக்காதீர்கள், நானும் போட்டிருக்கிறேன். நம் நோய்க் குறியீட்டு வேலையில் ஒன்பது என்றால் ‘விவரம் குறிப்பிடப்படவில்லை’. டாக்டர் எழுதவில்லை, நான் கேட்கவில்லை, மணி ஐந்தாகிவிட்டது, உக்கடம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இவ்வளவையும் அந்த ஒரே எண் தாங்கிக்கொள்ளும்.

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தேன். டாக்டர்கள் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுவதுதான் வேலை. நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டோம். அவருடைய ஈரல் எப்படி இருக்கிறது என்று தெரியும், அவர் கறுப்பா சிவப்பா என்று தெரியாது. எனக்கோ கதை பாதியில் நின்றால் சோறு இறங்காது. இந்த வேலைக்கு அது கெட்ட குணம் என்று முதலில் நினைத்தேன். ஒரு கட்டத்தில் வேகம் வந்தது, பாராட்டு வந்தது, அந்தக் குணம் மங்கிவிட்டது. அப்படி மங்கியிருந்தபோது நடந்ததைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

சிறுநீரகப் பக்கம் எனக்குப் பிடித்த பக்கம். சிறுநீரகம் திடீரென்று நின்றுபோனால் என்-17 என்று போடுகிறோம். புள்ளிக்குப் பின் பூஜ்ஜியம் வந்தால், உள்ளே இருக்கும் நுண்குழாய்களின் திசு செத்திருக்கிறது. அது பெரும்பாலும் மறுபடி வளர்ந்துவிடும், சிறுநீர் வந்துவிடும். ஒன்று வந்தால் வெளிப்புறத் திசு செத்திருக்கிறது. அது பெரும்பாலும் போனது போனதுதான். இரண்டு வந்தால் உட்புறம். ஒன்பதைப் பற்றி ஏற்கெனவே திட்டிவிட்டேன். ஒரே நோய்க்கு இத்தனை வாசல் வைத்தவர்கள் எவ்வளவு ஆர்வமுள்ளவர்களாக இருந்திருப்பார்கள் என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

கோப்புக்குள் போகுமுன் எங்கள் பிரிவில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை பார்த்த சிவகாமிக்குத் தாராபுரம். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்து, காவடியோடு பழனிக்கு நடந்து போவார்கள் அல்லவா, அவர்களுக்காக அவளுடைய சித்தப்பா தாராபுரத்தைத் தாண்டி ரோட்டோரம் பந்தல் போடுவார். நீர்மோர், தக்காளிச் சோறு, கால் பிடித்துவிட எண்ணெய். அதோடு எங்கள் பங்காக வலி மாத்திரைக் கவர். தெரிந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் மாத்திரைகளை இலவசமாகக் கொடுப்பார். நாங்கள் ஏழு பேர் மதியச் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து, காகிதக் கவருக்கு நாலு மாத்திரை வீதம் போட்டு, வாயை ஒட்டுவோம். பசைக்குப் பதில் பச்சை லேபிள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் கோப்பு முதுகில் ஒட்டுவதற்கு வாங்கிய லேபிள்கள் கட்டுக்கட்டாக மிச்சமிருந்தன.

நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை தவறாதவள். முருகனின் அடியார்களுக்குக் கவர் ஒட்டுவதில் எங்கள் பிரிவிலேயே நான்தான் முதல். நாலு மூலையும் அழுத்தி, நகத்தால் ஒரு இழு இழுத்துவிட்டால் கவர் பிரியவே பிரியாது. “ஸ்டெல்லாக்கா ஒட்டினதைப் பிரிக்கோணும்னா கத்தி வேணுமுங்க” என்பாள் சிவகாமி. ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுக்கிற மாத்திரை என்றால் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை என்றும் சொல்வாள். எங்களுக்கு அதில் பெருமை.

ஒரு பங்குனி உத்திரம் முடிந்த வாரத்தில் முதல் கோப்பு வந்தது. முத்தூர்ப் பக்கத்து விவசாயி, வயது ஐம்பத்து மூன்று. பெயரைச் சொல்ல மாட்டேன், காவடிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் நடந்து பழனியை நெருங்கும்போது சிறுநீர் நின்று, முகம் வீங்கி, தாராபுரம் வழியாக எங்களிடம் கொண்டுவந்திருந்தார்கள். சிறுநீரக டாக்டரம்மா தெளிவாக எழுதியிருந்தார்: வெயிலில் நடந்து, உடலில் நீர் வற்றியதால் திடீர் சிறுநீரகச் செயலிழப்பு, நுண்குழாய்த் திசு இறப்பு. இரண்டு முறை டயாலிசிஸ், பிறகு சிறுநீர் வந்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி நடைப்பயணம் வேண்டாம் என்று அறிவுரை.

இப்படி ஒரு கோப்பு வந்தால் நமக்குக் கொண்டாட்டம்தான். நோய் இருக்கிறது, திசு இருக்கிறது, காரணம் இருக்கிறது. பூஜ்ஜியத்தைப் போட்டேன், நீர் வற்றியதற்கு ஒரு எண் போட்டேன், மூடினேன். பதினொரு நிமிடம். நிமிடம் ஏன் நினைவிருக்கிறது என்றால், அன்று அதைப் பக்கத்து மேஜையில் பெருமையாகச் சொன்னேன்.

அந்தக் கோப்பில் செவிலியர் எழுதிய சேர்க்கைத் தாள் ஒன்று இருந்தது. அதன் அடியில் ஒரு வரி: ‘வழியில் கால்வலிக்கு மாத்திரை சாப்பிட்டதாக மனைவி கூறுகிறார்.’ படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். செவிலியர் எழுதியதை வைத்து நாம் காரணத்துக்கு எண் போடக் கூடாது, டாக்டர் எழுத வேண்டும். விதி அது, உங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த வரியைக் காட்டி, விளக்கம் கேட்டு டாக்டருக்கு ஒரு கேள்வித்தாள் எழுதி அனுப்பலாம். அதுவும் விதிதான். முதல் விதியை மட்டும் நினைத்துக்கொண்டு தாளைத் திருப்பிவிட்டேன்.

அடுத்த பங்குனி உத்திரம் முடிந்து நாலாம் நாள். வார்டில் படுத்திருப்பவர்களின் கோப்புகளுக்கும் தற்காலிக எண் போட்டுத் தருவது எங்கள் வேலை. ஒரு கோப்பைத் திறந்தேன், முத்தூர்ப் பக்கம், கொடுமுடித் தீர்த்தம், பழனி. வயது ஐம்பத்து நாலு. எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. அதே மனிதர், அதே சிறுநீரகம், அதே பூஜ்ஜியம். மூன்று முறை டயாலிசிஸ் முடிந்தும் சிறுநீர் ஒரு டம்ளருக்கு மேல் இல்லை. ‘மறுபடியும் நீர் வற்றல்’ என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார் டாக்டரம்மா. கீழே ஒரு குறிப்பு: ‘வழி நெடுகத் தண்ணீர் குடித்ததாக நோயாளி உறுதியாகச் சொல்கிறார். வேறு மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்கிறார். இம்முறை குணமாகாவிட்டால் வெளிப்புறத் திசுவும் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.’

அதாவது பூஜ்ஜியம் ஒன்றாகலாம். அந்த மனிதர் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கைக்கு வந்து போகிறவராகிவிடுவார்.

எனக்குப் பழைய குணம் திரும்பியது. தண்ணீர் குடித்திருக்கிறார், பிறகு எப்படி வற்றியது? பொய் சொல்கிறாரா? சிறுநீரகத்துக்கு முன்னால் பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம்? போன வருடக் கோப்பைத் தேடி எடுத்தேன். அந்த ஒரு வரி அங்கேயே இருந்தது, நான் திருப்பிய தாளில். இந்த வருடச் சேர்க்கைத் தாளில் அப்படி ஒன்றும் இல்லை. சேர்க்கும்போது செவிலியருக்குப் பதில் சொன்னவர் மனைவி இல்லை, மச்சான் என்று எழுதியிருந்தது.

ஒரு கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். நோயாளியிடம் நேரில் கேட்டு எண் போடுவது நம் வேலையில்லை, அன்றும் நான் போடவில்லை. கேள்வித்தாளை வார்டில் கொடுக்கப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனவள் அவர் கட்டிலருகே நின்றுவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் எண்ணாகவே பார்த்தவர்களில் ஒருவர், பச்சைத் துண்டு போர்த்திக்கொண்டு, வீங்கிய கண்ணால் என்னைப் பார்த்தார்.

“வாங்க அம்மணி. ரத்தம் எடுக்க வந்தீங்களா?”

“இல்லீங்க. நான் கீழே ஆபீஸ்ல இருக்கறேன். உங்க கோப்பு என்கிட்டத்தான் வரும்.”

“அப்ப நீங்களே சொல்லுங்க. டாக்டரம்மா நான் தண்ணி குடிக்கலைங்கறாங்க. மைலுக்கு ஒரு சொம்பு குடிச்சேனுங்க. எங்க ஊட்ல கேளுங்க.”

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தலையை ஆட்டினார். “போன வருசம் பட்டது போதும்னு நாங் கூடவே நடந்தேனுங்க. பாட்டில் எங்கையிலதான் இருந்துச்சு. சாமி சத்தியமாக் குடிச்சாருங்க.”

“மருந்து ஏதாவது?”

“ஒண்ணுமில்லீங்க” என்றார் அவர், உடனே. “இருவத்தொரு வருசமா நடக்கறேன். மருந்துன்னு ஒண்ணு வாங்கித் தின்னதில்லை.”

முகத்தில் பொய் இல்லை. நான் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் ஒரு கேள்வி நாக்கு நுனியில் நின்றது. வாங்கித் தின்னதில்லை. சரி, வாங்காமல்?

“பந்தல்ல என்னென்னங்க குடுத்தாங்க?”

“அதுங்களா!” மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. “மோரு, சோறு, விசிறி. அப்பறம் காலுக்கு. எல்லாப் பந்தல்லயும் குடுத்தாங்க. நல்லாக் கேக்குதுங்க. பாதிப் பேரு வாங்கித் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்க, நாந்தான் வேஸ்ட்டாப் போகுதேன்னு பத்திரமா எடுத்து வெச்சேன். இன்னிக்குக் காலையில கூட கால் ஒளையுதுன்னாரு, ஒண்ணு குடுத்தேன்.”

தலையணைக்கடியில் கையை விட்டு ஒரு துணிப்பையை எடுத்தார். உள்ளே காகிதக் கவர்கள். விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்திருந்தார். மேலே இருந்த கவரின் வாயில் பச்சை லேபிள் இருந்தது. நாலு மூலையும் அழுத்தி, நகத்தால் இழுத்த கோட்டோடு.

அவர்களைப் பொறுத்தவரை மருந்து என்பது டாக்டர் எழுதி, கடையில் காசு கொடுத்து வாங்குவது. பந்தலில் கையில் வைப்பது சாமி காரியம். அதை மருந்துக் கணக்கில் சேர்ப்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. டாக்டரம்மா கேட்டதும் சரி, அவர் சொன்னதும் சரி. நடுவில் ஒரு சிறுநீரகம் செத்துக்கொண்டிருந்தது. கட்டிலில் படுத்திருக்கும்போதும் தினம் ஒன்று உள்ளே போயிருக்கிறது.

வெட்கமா பயமா என்று கேட்டால், முதலில் பயம்தான். பையை வாங்கிக்கொண்டு நேராகச் செவிலியர் மேஜைக்குப் போனேன். “மூணாம் கட்டில்ல இது உள்ளே போயிட்டிருக்குது. உடனே நிறுத்தச் சொல்லுங்க, டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க” என்றேன். கேள்வித்தாள் என் கையில் வெறுமையாக இருந்தது. கவனியுங்கள், தாள் எழுதுவது அப்புறம். ஆள் கட்டிலில் இருக்கும்போது முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

டாக்டரம்மா வருவதற்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை சிவகாமியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. மாத்திரைதானே முக்கியம், கவர் எதற்கு என்று மனசு சொன்னது. லேபிளின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். பிரித்துப் போட்டுவிட்டால் அது ஏதோ ஒரு பந்தலின் ஏதோ ஒரு கவர். நகத்தை உள்ளே விட்டு நெம்பினேன். வரவில்லை. ஒட்டியது நானல்லவா. இரண்டாவது முறை நெம்பும்போது எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. கையை எடுத்துவிட்டு, கேள்வித்தாளை எழுதினேன்.

அதை எழுதுவதும் லேசில்லை. டாக்டரின் வாயில் பதிலைத் திணிக்கிற மாதிரி கேள்வி இருக்கக் கூடாது. ‘வலி மாத்திரையால் வந்ததுதானே?’ என்று எழுதினால் அது கேள்வியல்ல, சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பது. மூன்றாவது தாளில் இப்படி முடித்தேன்: ‘கடந்த ஆண்டு செவிலியர் குறிப்பில் மாத்திரை பற்றிய வரி உள்ளது. இணைத்துள்ள கவர்களை இன்று மனைவி கொடுத்தார். இதற்கு மருத்துவ முக்கியத்துவம் உண்டா? இருப்பின் எழுதித் தரவும்.’

டாக்டரம்மா அதைப் படித்தார். மாத்திரையைக் கையில் கொட்டிப் பார்த்தார். கட்டிலருகே உட்கார்ந்து, எந்தெந்தப் பந்தலில் எத்தனை என்று ஊர் ஊராகக் கேட்டார். முத்தூர், வெள்ளகோவில், தாராபுரம் என்று கணவனும் மனைவியும் விரல் மடக்கினார்கள். மூன்று நாளில் பத்தொன்பது. போன வருடமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் கவரைத் தூக்கிப் பிடித்தார். “இது யார் குடுத்தது?”

“நாங்கதான் டாக்டர். நான் ஒட்டினது.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கோபக்காரர். “மிச்சம் எவ்வளவு வெளிய இருக்கு?” என்று மட்டும் கேட்டார். அதற்குத்தான் அந்த லேபிள் வேண்டியிருந்தது. அதைப் பிரித்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளே இருந்திருக்காது. கீழே ஓடினேன். சிவகாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு அழுதாள். “புண்ணியம்னு நெனச்சுத்தானுங்கக்கா பண்ணோம்” என்றாள். அழுதுகொண்டே சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் காவடிக் குழுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, பந்தல் கவர் யார் வீட்டில் இருந்தாலும் தூக்கிப் போடச் சொன்னார். வெள்ளகோவிலில் ஒருவர் கால் வீங்கிக் கிடந்தது அப்போதுதான் தெரிந்தது. நல்ல வேளை, அவருக்கு வார்டு வரை வர வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா எங்கள் பிரிவுக்கே இறங்கி வந்தார். “மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களான்னு ரெண்டு வருஷமும் கேட்டேன்மா. பந்தல்ல என்ன குடுத்தாங்கன்னு ஒரு தடவை கேக்கத் தோணலை” என்றார். கோப்பில் அவர் கையால் எழுதினார்: வலி மாத்திரைகளால் ஏற்பட்ட நுண்குழாய்த் திசு இறப்பு. வெயிலும் நடையும் துணைக் காரணம். நான் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் மருந்தின் தீய விளைவுக்கான எண்ணைப் போட்டேன். இதற்கு ஒரு வருடமும் பதினொரு நிமிடமும் ஆனது.

மறுநாள் காவடிக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன், அந்தக் கவரை ஒட்டியது நான் என்று. மனைவி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். திட்டினால் தேவலை போலிருந்தது.

“அப்ப நடந்ததுனால வரலைங்களா?” என்றார்.

“நடந்தது மட்டும் இல்லீங்க. மாத்திரைதான் பெருசு.”

“டாக்டரம்மா போன வருசமே நடக்காதீங்கன்னு சொல்லிப்போட்டாங்க. சாமி நம்மளை வேண்டாங்குதுன்னு நெனச்சேனுங்க. அப்பறமும் மனசு கேக்காம நடந்துபோட்டேன். மறுபடி இப்புடி ஆகவும், சரி, நெசமாவே வேண்டாங்குதுன்னு…” துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்த மனிதர் ஒரு வருடமாக என்ன சுமந்துகொண்டிருந்தார் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

மாத்திரை நின்ற ஐந்தாம் நாள் சிறுநீர் வந்தது. முதலில் அரை லிட்டர், பிறகு ஒன்றரை. செவிலியர் எனக்குப் போன் போட்டுச் சொன்னார். ஒருவருடைய சிறுநீரின் அளவைக் கேட்டு நாங்கள் ஏழு பேர் ஆபீஸில் கைதட்டியது அன்றுதான். பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே நின்றது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். விதி உங்களுக்குத் தாளைத் திருப்பவும் இடம் கொடுக்கும், கேட்கவும் இடம் கொடுக்கும். செவிலியரின் கிறுக்கலில் ஒரு வரி உறுத்தினால் கேளுங்கள். டாக்டருக்கு எரிச்சல் வந்தால் வரட்டும். காரணம் தேடிக்கொண்டே போகும்போது அது உங்கள் மேஜையிலேயே வந்து முடிந்தால், லேபிளைப் பிரிக்காதீர்கள்.

அதற்கு அடுத்த பங்குனிதான் நான் வேலையில் இருந்த கடைசிப் பங்குனி. நாங்கள் ஏழு பேரும் பந்தலுக்கே போயிருந்தோம். பந்தலில் மாத்திரை இல்லை. டாக்டரம்மா சொன்னபடி உப்புச் சர்க்கரைக் கரைசல், நீர்மோர், எண்ணெய், உட்கார நிழல். டாக்டரம்மாவின் அனுமதியோடு காவடிக்காரர் நடந்து வந்தார், மனைவி பாட்டிலோடு பின்னால். நாங்கள் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மோர் டம்ளர்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, காவடியோடு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தினார்.

“ஏனுங்க, காலையிலிருந்து ஒண்ணுக்குப் போனீங்களா? எத்தன வாட்டி? என்ன நெறமுங்க?”

சில பேர் சிரித்தார்கள், சில பேருக்குக் கோபம் வந்தது. ஒரு பெரியவர், “பழனிக்குப் போறவன்கிட்டக் கேக்கற கேள்வியாய்யா இது?” என்று சண்டைக்கே வந்துவிட்டார். நம் ஆள் அசையவில்லை. பதில் சொன்னவருக்குத்தான் மோர். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்து கேட்டுவிட்டு, காவடியைத் தோளில் ஏற்றினார். இரண்டடி போனவர் திரும்பி, வெயிலில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

“அம்மணி, நீங்க போனீங்களா?”

காலையிலிருந்து நான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருக்கவில்லை. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். நான் ஒரு சொம்பு முழுவதையும் குடித்து முடித்த பிறகுதான் பழனிப் பக்கம் திரும்பி நடந்தார்.